ஆறாம் ஆண்டுத் தேர்வு முடிவுகள்: தமிழ்ப்பள்ளியின் எண்களை எப்படிப் படிப்பது?

நாட்டிலுள்ள பல தமிழ்ப்பள்ளிகளின் மண்டபச் சுவரில் இன்றும் ஒரு பெயர்ப் பலகை தொங்குகிறது. யூ.பி.எஸ்.ஆர். தேர்வில் எல்லாப் பாடங்களிலும் ஏ பெற்ற மாணவர்களின் பெயர்கள் ஆண்டு வாரியாக அதில் எழுதப்பட்டிருக்கும். 2019-ஆம் ஆண்டுக்குப் பிறகு அந்தப் பலகையில் புதிய பெயர் ஏறவில்லை.

கோவிட் தொற்றின் காரணமாக 2020-ஆம் ஆண்டுத் தேர்வு ரத்து செய்யப்பட்டது. அடுத்த ஆண்டு, 2021 ஏப்ரல் 28-ஆம் நாள், யூ.பி.எஸ்.ஆர். முற்றாக அகற்றப்படுவதாக அன்றைய கல்வி அமைச்சர் டாக்டர் ராட்ஸி ஜிடின் அறிவித்தார். பெற்றோர் அறிந்திருந்த ஆரம்பப்பள்ளி இறுதித் தேர்வு அத்துடன் முடிவுக்கு வந்தது.

அந்தத் தேர்வு மீண்டும் வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள், அது போனதே நல்லது என்பவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பினரும் தத்தம் வாதத்துக்குப் பள்ளிகளின் பழைய முடிவுகளையே காட்டுகின்றனர். அந்த முடிவுகள் எப்படிக் கணக்கிடப்பட்டன, எதைச் சொல்லின, எதைச் சொல்லாமல் விட்டன, தேர்வு இல்லாத நிலையில் ஒரு பெற்றோர் எதைப் பார்க்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தேர்வு வந்த கதை

1960-களின் நடுப்பகுதி வரை ஆரம்பப்பள்ளி முடித்த எல்லாப் பிள்ளைகளும் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட முடியாது. நுழைவுத் தேர்வு ஒன்று இருந்தது. அதில் தேறாதவர்களுக்குப் பெரும்பாலும் படிப்பு அங்கேயே நின்றது. தோட்டப்புறப் பிள்ளைகளில் பலருக்கு அடுத்தது பால்மரக் காடுதான். அந்த நுழைவுத் தேர்வு அகற்றப்பட்ட பிறகு, ஆரம்பப்பள்ளி முடித்தவர்கள் தேர்ச்சி பார்க்காமல் மேல்வகுப்புக்கு அனுப்பப்பட்டனர்.

பின்னர் ஐந்தாம் ஆண்டு மதிப்பீட்டுத் தேர்வு நடைமுறைக்கு வந்தது. இன்று தாத்தா பாட்டியாக இருப்பவர்கள் எழுதியது அந்தத் தேர்வைத்தான். 1983-இல் ஆரம்பப்பள்ளிகளுக்குப் புதிய கலைத்திட்டமான கே.பி.எஸ்.ஆர். அறிமுகமானது. அதில் முதலாம் ஆண்டைத் தொடங்கிய மாணவர்கள் 1988-இல் ஆறாம் ஆண்டுக்கு வந்தபோது முதல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நடைபெற்றது.

அடுத்த பெரிய மாற்றமும் இதே வழியில்தான் வந்தது. 2011-இல் கே.எஸ்.எஸ்.ஆர். என்னும் கலைத்திட்டம் முதலாம் ஆண்டில் தொடங்கியது. அந்த மாணவர்கள் ஆறாம் ஆண்டை எட்டிய 2016-இல் தேர்வின் அமைப்பு மாறியது. கலைத்திட்டம் மாறினால் ஐந்து ஆண்டுகள் கழித்துத் தேர்வும் மாறும் என்பது வழக்கமாக இருந்தது.

ஏழு ஏ, எட்டு ஏ

தேசியப் பள்ளி மாணவர்களைக் காட்டிலும் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் கூடுதல் தாள்கள் எழுதினர். 2015 வரை தேசியப் பள்ளியில் ஐந்து பாடங்களுக்குக் கிரேடு வழங்கப்பட்டது. தமிழ்ப்பள்ளியில் அது ஏழாக இருந்தது. மலாய்மொழி கருத்துணர்தல், மலாய்மொழி கட்டுரை, தமிழ்மொழி கருத்துணர்தல், தமிழ்மொழி கட்டுரை, ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகியவையே அந்த ஏழு. 2016 முதல் ஆங்கிலமும் கருத்துணர்தல், கட்டுரை என இரண்டாகப் பிரிக்கப்பட்டதால் தேசியப் பள்ளியில் ஆறும் தமிழ்ப்பள்ளியில் எட்டும் ஆயின. "ஏழு ஏ எடுத்த பிள்ளை" என்று சொல்லிவந்த வீடுகளில் "எட்டு ஏ" என்ற பேச்சு வந்தது அதன் பிறகுதான்.

பன்னிரண்டு வயதில் மூன்று மொழிகளில் தேர்வு எழுதி மூன்றிலும் சிறப்புத் தேர்ச்சி பெறுவது சாதாரண காரியமல்ல. வீட்டில் தமிழ் மட்டுமே புழங்கும் தோட்டப்புறப் பிள்ளைக்கு மலாய்மொழியும் ஆங்கிலமும் பெரும்பாலும் வகுப்பறையில் மட்டுமே காதில் விழும் மொழிகள். அப்படிப்பட்ட பிள்ளை எல்லாப் பாடங்களிலும் ஏ பெறும்போது பெற்றோரும் பள்ளியும் ஊராரும் கொண்டாடியதில் நியாயம் இருந்தது.

அந்தக் கொண்டாட்டத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்ப்பள்ளியில் படித்தால் பிள்ளை முன்னேறாது என்று சொன்னவர்களுக்குச் சமுதாயம் காட்டிய சான்று இந்த முடிவுகள்தான். சுதந்திரம் பெற்ற 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தபோது பள்ளிகளின் எண்ணிக்கை 520-ஐ ஒட்டி வந்து நின்றது. மாணவர் எண்ணிக்கையும் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் குறைந்துள்ளது. "தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு" என்ற முழக்கத்துடன் மாணவர் பதிவு இயக்கங்கள் நடத்தப்பட்ட காலத்தில், வாசலில் கட்டப்பட்ட ஏழு ஏ பதாகை ஒரு விளம்பரமாகவும் இருந்தது.

பள்ளியின் தரத்தை எந்த எண் காட்டியது?

நாளேடுகளிலும் பதாகைகளிலும் இடம்பெற்றது எல்லாப் பாடங்களிலும் ஏ பெற்றவர்களின் எண்ணிக்கை. கல்வி அமைச்சும் மாவட்டக் கல்வி அலுவலகமும் பள்ளியை அளக்கப் பார்த்தது வேறோர் எண். அதன் பெயர் பள்ளிச் சராசரி கிரேடு. மலாய்மொழியில் அதைச் சுருக்கமாக ஜி.பி.எஸ். என்பார்கள்.

அதன் கணக்கு எளிது. ஏ-க்கு 1, பி-க்கு 2, சி-க்கு 3, டி-க்கு 4, இ-க்கு 5 என்று புள்ளி கொடுக்கப்படும். எல்லா மாணவர்களும் எல்லாப் பாடங்களிலும் பெற்ற புள்ளிகளைக் கூட்டி மொத்தக் கிரேடுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் பள்ளிச் சராசரி கிடைக்கும். எண் குறையக் குறைய அடைவு நன்றாக இருக்கிறது என்று பொருள். 2.50 பெற்ற பள்ளி 3.00 பெற்ற பள்ளியைவிட மேலானது. "சராசரி குறைந்துவிட்டது" என்று ஆண்டுக்கூட்டத்தில் தலைமையாசிரியர் மகிழ்ச்சியோடு சொன்னபோது பெற்றோர் சிலர் குழம்பியதற்கு இதுவே காரணம்.

கணக்குக்காக இரண்டு பள்ளிகளை எடுத்துக்கொள்ளலாம். இரண்டிலும் ஆறாம் ஆண்டில் பத்துப் பேர், எட்டுப் பாடங்கள். ஆக ஒவ்வொரு பள்ளிக்கும் மொத்தம் 80 கிரேடுகள்.

முதல் பள்ளியில் இருவர் எட்டுப் பாடங்களிலும் ஏ பெறுகின்றனர். நால்வர் எல்லாவற்றிலும் சி, மீதி நால்வர் எல்லாவற்றிலும் டி. புள்ளிகள் முறையே 16, 96, 128. மொத்தம் 240. அதை 80-ஆல் வகுத்தால் சராசரி 3.00.

இரண்டாவது பள்ளியில் எட்டு ஏ பெற்றவர் ஒருவரும் இல்லை. பத்துப் பேரும் நான்கு பாடங்களில் பி, நான்கு பாடங்களில் சி பெறுகின்றனர். 40 பி-க்கு 80 புள்ளி, 40 சி-க்கு 120 புள்ளி. மொத்தம் 200. சராசரி 2.50.

பதாகை கட்டினால் முதல் பள்ளிக்குக் கட்டலாம். மாணவர்களில் 20 விழுக்காட்டினர் எட்டு ஏ என்று அறிவிக்கலாம். இரண்டாவது பள்ளியில் அறிவிக்க ஒன்றுமில்லை. ஆனால் முதல் பள்ளியில் பத்தில் நால்வர் எந்தப் பாடத்திலும் சி-யை எட்டவில்லை. இரண்டாவது பள்ளியில் அப்படி ஒருவர்கூட இல்லை. எந்தப் பள்ளி தன் வேலையை நன்றாகச் செய்தது என்று கேட்டால், சராசரி ஒரு பதிலையும் பதாகை இன்னொரு பதிலையும் சொல்லும்.

ஏ எண்ணிக்கை பொய் சொல்வதில்லை. அது வகுப்பின் மேல்வரிசையைப் பற்றி மட்டுமே பேசும். நடுவில் இருப்பவர்களையும் கடைசியில் இருப்பவர்களையும் பற்றி அதில் எதுவும் இல்லை.

சிறிய பள்ளியின் கணக்கு

150-க்குக் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று அமைச்சு வகைப்படுத்துகிறது. தமிழ்ப்பள்ளிகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை. தோட்டத்துக்குள்ளேயே இருக்கும் சில பள்ளிகளில் ஆறாம் ஆண்டு என்பதே ஐந்தாறு பிள்ளைகள்தான். மாணவர் எண்ணிக்கை மிகவும் குறைந்த இடங்களில் இரண்டு ஆண்டு மாணவர்கள் ஒரே அறையில் ஓர் ஆசிரியரிடம் படிப்பதும் உண்டு.

இத்தகைய பள்ளிகளில் விழுக்காட்டைப் பார்க்கும்போது கவனம் தேவை. நூறு பேர் எழுதும் பட்டணத்துப் பள்ளியில் ஒரு மாணவரின் முடிவு 1 விழுக்காடு. எட்டுப் பேர் எழுதும் தோட்டப் பள்ளியில் ஒரு மாணவரின் முடிவு 12.5 விழுக்காடு. ஓர் ஆண்டு எட்டுப் பேரில் அறுவர் தேறினால் 75 விழுக்காடு. மறு ஆண்டு எண்மரும் தேறினால் 100 விழுக்காடு. அதற்கடுத்த ஆண்டு ஐவர் தேறினால் 62.5 விழுக்காடு. வெளியிலிருந்து பார்ப்பவர், பள்ளி ஓர் ஆண்டு சிகரம் ஏறி அடுத்த ஆண்டு சரிந்துவிட்டதாக நினைப்பார். உண்மையில் மாறியது இரண்டு மூன்று பிள்ளைகளின் முடிவு மட்டுமே. அந்த ஆண்டு வகுப்பில் கற்றல் சிரமம் உள்ள மாணவர் ஒருவர் இருந்திருக்கலாம். நன்றாகப் படித்த பிள்ளையின் குடும்பம் வேலை தேடி இடம் பெயர்ந்திருக்கலாம்.

சிறிய பள்ளியை ஓர் ஆண்டின் முடிவைக் கொண்டு எடைபோடக் கூடாது. மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பார்ப்பதே முறை. மேலே சொன்ன பள்ளியில் மூன்று ஆண்டுகளில் 24 பேர் எழுதி 19 பேர் தேறியுள்ளனர். அது ஏறத்தாழ 79 விழுக்காடு. மேலும் கீழும் குதித்த மூன்று எண்களைவிட இந்த ஒற்றை எண் அந்தப் பள்ளியைச் சரியாகக் காட்டுகிறது.

மலாய்மொழி சி: ஓர் ஆண்டைத் தீர்மானித்த கிரேடு

யூ.பி.எஸ்.ஆர். முடிவுத்தாளில் எட்டு வரிகள் இருந்தாலும், தமிழ்ப்பள்ளி மாணவரின் அடுத்த ஆண்டைத் தீர்மானித்தவை இரண்டே வரிகள். மலாய்மொழி கருத்துணர்தலிலும் மலாய்மொழி கட்டுரையிலும் குறைந்தது சி பெற்றவர் நேராகப் படிவம் ஒன்றுக்குச் சென்றார். இரண்டில் ஒன்றில் தவறினாலும் புகுமுக வகுப்பில் ஓராண்டு படிக்க வேண்டும். 'ரிமூவ்' வகுப்பு என்று தோட்டத்தில் பலரும் சொல்வது இதைத்தான். தேசியப் பள்ளி மாணவருக்கு இந்த வகுப்பு இல்லை. தமிழ், சீனப் பள்ளிகளிலிருந்து வரும் மாணவர்களுக்கு மட்டுமே உண்டு.

தமிழிலும் கணிதத்திலும் ஏ வாங்கிய பிள்ளையும் மலாய்மொழிக் கட்டுரையில் டி வாங்கினால் புகுமுக வகுப்புக்குத்தான் போக வேண்டும். ஆறாம் ஆண்டில் பக்கத்தில் உட்கார்ந்த தோழன் படிவம் ஒன்றில் இருக்க, தான் ஓர் ஆண்டு பின்தங்கி அதே பள்ளிச் சீருடையில் நடக்கும் நிலை ஏற்படும். இடைநிலைப்பள்ளியைத் தோழர்களைவிட ஓர் ஆண்டு தாமதமாக முடிக்க வேண்டும். வருமானம் குறைந்த குடும்பத்தில் அந்த ஓர் ஆண்டு பெரிய சுமை. பதினாறு, பதினேழு வயதில் வேலைக்குப் போய்விடலாம் என்ற எண்ணம் பிள்ளைக்குத் தோன்றும் காலமும் அதுவே.

புகுமுக வகுப்பு தண்டனைக்காக ஏற்பட்டதல்ல. பயிற்றுமொழி மலாய்மொழியாக மாறும் இடைநிலைப்பள்ளியில் பிள்ளை தடுமாறாமல் இருக்கவே அது அமைக்கப்பட்டது. நல்ல ஆசிரியர் அமைந்த வகுப்பில் ஓராண்டு படித்துத் தெளிந்து, பின்னர் நன்றாக முன்னேறியவர்களும் உண்டு. ஆனால் அங்கே போக வேண்டிய நிலை பெரும்பாலும் ஆறாம் ஆண்டில் உருவாவதில்லை. முதல் மூன்று ஆண்டுகளில் மலாய்மொழியில் எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறிய பிள்ளைதான் ஆறாம் ஆண்டில் கட்டுரைத் தாளின் முன் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறது.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். யூ.பி.எஸ்.ஆரில் தேசியப் பள்ளிக்கு ஒரு மலாய்மொழித் தாள், தமிழ், சீனப் பள்ளிகளுக்கு வேறு மலாய்மொழித் தாள். படிவம் ஒன்றிலோ எல்லாருக்கும் ஒரே பாடநூல், ஒரே தேர்வு. தமிழ்ப்பள்ளித் தாளில் சி பெற்று நேராகப் படிவம் ஒன்றுக்குப் போன பிள்ளை, ஆறு ஆண்டுகள் எல்லாப் பாடங்களையும் மலாய்மொழியிலேயே படித்தவர்களோடு ஒரே வகுப்பில் அமர்கிறது. புகுமுக வகுப்பிலிருந்து தப்பிய அந்தப் பிள்ளைக்கும் உதவி தேவைப்பட்டது. கிரேடு சி என்று இருந்ததால் அது யார் கண்ணிலும் படாமல் போனது.

ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட முடியுமா?

"அந்தக் காலத்தில் எங்கள் பள்ளியில் இருபது பேர் ஏழு ஏ, இப்போது இல்லை" என்று முன்னாள் மாணவர் சந்திப்புகளில் பேசக் கேட்கலாம். அப்படி ஒப்பிடுவதற்குமுன், அளவுகோல் பல முறை மாறியதை நினைவில் கொள்ள வேண்டும்.

2003-இல் முதலாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கின. தமிழ்ப்பள்ளிகளும் இதில் அடங்கும். அந்த மாணவர்கள் 2008-இல் யூ.பி.எஸ்.ஆர். எழுதினர். 2009 ஜூலையில் அந்தக் கொள்கை கைவிடப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது. தமிழ்ப்பள்ளிகளில் அந்தப் பாடங்கள் படிப்படியாக மீண்டும் தமிழுக்குத் திரும்பின. 2016-இல் இருமொழித் திட்டமான டி.எல்.பி. வந்தபோது, தமிழ்ப்பள்ளிகள் அதில் சேரலாமா என்று சமுதாயத்தில் கடுமையான விவாதம் எழுந்தது. ஆக, வெவ்வேறு ஆண்டுகளில் கணிதத்தில் ஏ பெற்ற இருவர் வெவ்வேறு மொழிகளில் படித்துத் தேறியவர்களாக இருக்கலாம்.

2014-ஆம் ஆண்டு நம்பகத்தன்மையே கேள்விக்குள்ளானது. அறிவியல், ஆங்கிலம் ஆகியவற்றின் வினாத்தாள்கள் கசிந்ததால் அந்தத் தேர்வுகள் செப்டம்பர் 30-ஆம் நாள் மீண்டும் நடத்தப்பட்டன. பின்னர் கணிதமும் தமிழ்மொழியும் கசிந்தது தெரியவந்து, அக்டோபர் 9-ஆம் நாள் மறுதேர்வு நடந்தது. எழுதி முடித்துவிட்டோம் என்று நிம்மதி அடைந்த பிள்ளைகள் மறுபடியும் புத்தகத்தைத் திறக்க வேண்டியதாயிற்று. ஏ எண்ணிக்கைக்கு அளவுக்கு மீறிய மதிப்பு கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை அந்த ஆண்டு காட்டியது.

2016-இல் நாடு முழுவதும் முடிவுகள் சரிந்தன. 2013 முதல் 2025 வரைக்குமான தேசியக் கல்விப் பெருந்திட்டம், யூ.பி.எஸ்.ஆர். வினாக்களில் குறைந்தது 40 விழுக்காடு உயர்நிலைச் சிந்தனை வினாக்களாக இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருந்தது. மனனம் செய்த விடையை எழுதினால் போதாது, படித்ததைப் புதிய சூழலில் பயன்படுத்த வேண்டும். புதிய அமைப்பில் நடந்த முதல் தேர்வில் நாடு முழுவதும் 4,896 பேர் மட்டுமே எல்லாப் பாடங்களிலும் ஏ பெற்றனர். அது மொத்த மாணவர்களில் 1.11 விழுக்காடு. பிள்ளைகள் ஓராண்டில் திறமை குறைந்தவர்களாகிவிடவில்லை. கேள்வி கேட்கும் முறை மாறியது.

ஆறாம் ஆண்டு என்ற தனி உலகம்

தேர்வு இருந்த காலத்தில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குப் பள்ளி வேறு மாதிரி நடந்தது. காலையில் பள்ளி தொடங்குமுன் ஒரு வகுப்பு, மதியத்துக்குப் பின் ஒரு வகுப்பு, சனிக்கிழமையில் ஒரு வகுப்பு. விடுமுறையில் முகாம். தமிழ் நாளேடுகள் மாதிரி வினாத்தாள்களை வெளியிட்டன. பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் பொது இயக்கங்களும் தேர்வு வழிகாட்டிக் கருத்தரங்குகளை நடத்தின. தேர்வுக்கு முன்பு கோவிலில் பிள்ளைகளின் பெயரில் அர்ச்சனை நடந்தது. பல பள்ளிகளில் ஆசிரியர்கள் ஊதியம் எதுவும் வாங்காமல் இரவு வரை இருந்து சொல்லிக் கொடுத்தனர்.

இந்த உழைப்பு பல பிள்ளைகளைக் கரை சேர்த்தது. அதே வேளையில், தேர்வில் இல்லாத ஓவியம், இசை, உடற்கல்வி ஆகிய பாட வேளைகளைப் பயிற்சித் தாள்கள் எடுத்துக்கொண்டன. திறமையான ஆசிரியர்கள் ஆறாம் ஆண்டுக்கு ஒதுக்கப்பட்டனர். முதலாம், இரண்டாம் ஆண்டுகளில் அதே அளவு கவனம் செலுத்தப்படாத பள்ளிகளில், வாசிக்கத் தெரியாத பிள்ளை ஆண்டுதோறும் மேல்வகுப்புக்கு ஏறிக்கொண்டே வந்தது.

ஆரம்பத்திலேயே இதைக் கண்டறியத்தான் 2010-இல் லினுஸ் திட்டம் தொடங்கப்பட்டது. மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெற வேண்டும் என்பது அதன் நோக்கம். பள்ளிகளில் நடத்தப்படும் குறைநீக்கல் வகுப்புகளும் இதே தேவைக்காக ஏற்பட்டவை.

தேர்வுக்குப் பின் வந்தவை

யூ.பி.எஸ்.ஆர். இருந்தபோதே அதன் எடையைக் குறைக்கும் முயற்சி தொடங்கிவிட்டது. 2017-இல் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆரம்பப்பள்ளி மதிப்பீட்டு அறிக்கை வழங்கப்பட்டது. தேர்வு முடிவோடு வகுப்புசார் மதிப்பீடு, உடற்கல்வி, விளையாட்டு, புறப்பாட நடவடிக்கை மதிப்பீடு, உளவியல் மதிப்பீடு ஆகியவையும் அதில் இடம்பெற்றன. பெரும்பாலான வீடுகளில் மற்ற பக்கங்களைத் தள்ளிவிட்டுக் கிரேடு இருந்த பக்கத்தை மட்டும் பார்த்தார்கள்.

தேர்வு அகற்றப்பட்ட பின் வகுப்புசார் மதிப்பீடே முதன்மையானது. பி.பி.டி. என்று ஆசிரியர்கள் சொல்வது இதைத்தான். ஒவ்வொரு பாடத்திலும் மாணவரின் அடைவுநிலை 1 முதல் 6 வரை பதிவு செய்யப்படுகிறது. இங்கே எண் கூடக் கூட அடைவு உயர்கிறது. பழைய கிரேடுக் கணக்கில் 1 சிறந்தது என்பதால் சில பெற்றோர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கின்றனர். அடைவுநிலை 3 என்பது குறைந்தபட்ச எல்லை. படித்ததை அறிந்து, புரிந்து, தானே செய்யவும் முடிகிறது என்று அதற்குப் பொருள். 1, 2 என்றால் பிள்ளை இன்னும் அந்த எல்லையைத் தொடவில்லை.

நான்காம் ஆண்டு முதல் கல்வியாண்டு இறுதித் தேர்வு நடத்தப்படுகிறது. மலாய்மொழியில் அதை ஊஆசா என்று சுருக்கிச் சொல்கிறார்கள். யூ.பி.எஸ்.ஆர். விடைத்தாள்கள் பள்ளிக்கு வெளியே திருத்தப்பட்டன. இந்தத் தேர்வின் தாள்களைப் பள்ளி ஆசிரியர்களே திருத்துகின்றனர். ஆகவே ஒரு பள்ளியின் ஏ-யையும் இன்னொரு பள்ளியின் ஏ-யையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது பொருத்தமாகாது. பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்க்க அது உதவும்.

முழுநேர ஆசிரமப் பள்ளி போன்ற சிறப்புப் பள்ளிகளில் சேர முன்பு யூ.பி.எஸ்.ஆர். முடிவும் பயன்பட்டது. இப்போது அதற்கென்று பி.கே.எஸ்.கே. என்னும் தனி மதிப்பீடு உள்ளது. அதற்குப் பெற்றோரே இணையம்வழி விண்ணப்பிக்க வேண்டும்.  விண்ணப்பத் தேதி தெரிந்தவர்களுக்கு மட்டுமே அந்தக் கதவு திறக்கிறது. தகுதியுள்ள தமிழ்ப்பள்ளி மாணவர் பெயர் கொடுக்காமல் விட்டுப்போவதைத் தடுக்க, ஆறாம் ஆண்டின் தொடக்கத்திலேயே பள்ளியும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் இதை அறிவிப்பது நல்லது.

புகுமுக வகுப்பு இன்றும் இருக்கிறது. யூ.பி.எஸ்.ஆர். கிரேடு இல்லாத நிலையில், மலாய்மொழியில் பிள்ளை பெற்றிருக்கும் பள்ளி மதிப்பீடே அதற்கு அடிப்படை. முன்பு நவம்பரில் ஒரே நாளில் தெரிந்த செய்தி இப்போது ஆறு ஆண்டுகளாக ஆசிரியரின் பதிவில் சேர்ந்துகொண்டிருக்கிறது. கேட்ட பெற்றோருக்கு அது முன்கூட்டியே தெரியும். கேட்காதவருக்கு இடைநிலைப்பள்ளிக் கடிதம் வரும்போதுதான் தெரியும்.

பள்ளியில் கேட்க வேண்டிய கேள்விகள்

அடைவுநிலை அறிக்கை வழங்கும் நாளில் ஆசிரியரைச் சந்திக்கும் பெற்றோர், "பிள்ளை எப்படி, குறும்பு செய்கிறானா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். கீழ்க்காணும் கேள்விகளை எந்த ஆசிரியரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

முதலாவது, தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் பிள்ளையால் தன் வயதுக்குரிய ஒரு பத்தியைத் தடங்கலின்றி வாசிக்க முடிகிறதா? முதல் மூன்று ஆண்டுகளில் கேட்க வேண்டிய முதன்மையான கேள்வி இதுவே. வீட்டிலேயே பாடநூலைக் கொடுத்துச் சோதித்தும் பார்க்கலாம். பெற்றோருக்கு மலாய்மொழி சரளமாக வராவிட்டாலும், பிள்ளை எழுத்துக்கூட்டித் திணறுவது காதில் விழும்.

இரண்டாவது, எந்தப் பாடத்திலாவது அடைவுநிலை 1 அல்லது 2-இல் இருக்கிறதா? இருந்தால் குறைநீக்கல் வகுப்பில் சேர்க்கப்பட்டுள்ளதா? வாரத்தில் எத்தனை வேளை நடக்கிறது?

மூன்றாவது, கடந்த ஆண்டு எந்த அடைவுநிலையில் இருந்தது, இந்த ஆண்டு எதில் இருக்கிறது? 4-லேயே நிற்கும் பிள்ளையைவிட 2-லிருந்து 3-க்கு ஏறிய பிள்ளை அந்த ஆண்டில் அதிகம் நகர்ந்திருக்கிறது. அந்த முன்னேற்றத்துக்கும் வீட்டில் பாராட்டு வேண்டும்.

நான்காவது, மலாய்மொழியில் எழுதும் திறன் எப்படி? வாசிப்பில் சமாளிக்கும் பல பிள்ளைகள் கட்டுரையில் விழுகின்றனர். நான்காம் ஆண்டில் இது தெரிந்தால் சரிசெய்ய இரண்டு ஆண்டுகள் உள்ளன. ஆறாம் ஆண்டின் இறுதியில் தெரிந்தால் சரிசெய்ய நாள் இல்லை.

ஐந்தாவது கேள்வி பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக்கூட்டத்துக்குரியது. சென்ற ஆண்டு ஆறாம் ஆண்டை முடித்தவர்களில் எத்தனை பேர் படிவம் ஒன்றுக்குச் சென்றனர், எத்தனை பேர் புகுமுக வகுப்புக்குச் சென்றனர்? மூன்று ஆண்டுகளாக அந்த எண் கூடுகிறதா, குறைகிறதா? ஏ எண்ணிக்கையை அறிவித்த அதே மேடையில் இந்த எண்ணையும் அறிவிக்கும்படி பெற்றோர் கேட்கலாம்.

யூ.பி.எஸ்.ஆர். போன்ற பொதுத் தேர்வு மீண்டும் வர வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுகிறது. பிள்ளையின் நிலையை வெளியார் ஒருவர் அளந்து சொல்ல வேண்டும் என்று பெற்றோர் விரும்புவது புரிந்துகொள்ளக் கூடியதே. தேர்வு இருந்த 32 ஆண்டுகளில் பலகையில் ஏறிய பெயர்களை எல்லாரும் அறிவார்கள். அதே வகுப்புகளிலிருந்து புகுமுக வகுப்புக்குப் போன பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பெரும்பாலான பள்ளிகள் எங்கும் எழுதி வைக்கவில்லை. தேர்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்தக் கணக்கை இனியாவது எழுதி வைக்கத் தொடங்குவது பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் செலவின்றிச் செய்யக்கூடிய காரியம்.